கழுவிவிட்ட வீடும் கட்டிவைத்த நாயும்

வீடு விற்கிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் எனக்கு அனுப்புகிற வீடியோக்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன். வானத்தில் கமராவைப் பறக்கவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி எடுக்கிறீர்கள். பின்னால் புல்லாங்குழல் வேறு. தென்னை தெரிகிறது, தண்ணீர்த் தாங்கி தெரிகிறது, மொட்டைமாடியில் காய்கிற மிளகாய்கூடத் தெரிகிறது. அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், எதற்காக விற்கிறார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. எனக்கு முழங்கால் தேய்ந்துபோய், படி ஏற முடியாமல் இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் குந்தியிருக்கிறேன். வாய் இன்னும் தேயவில்லை. ஆகவே கொஞ்சம் கேளுங்கள்.

வெறும் வீட்டை விற்பது சுகம். திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆட்கள் இருக்கிற வீடுதான் கஷ்டம். ஆட்களோடு நாயும் பூனையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அளவெட்டியில் ஒரு வீட்டில் கிளி வளர்த்தார்கள். யார் படலையைத் திறந்தாலும் அது "கள்ளன், கள்ளன்" என்று கத்தும். வாங்க ஆள் வருகிற நாளில் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு, கூட்டைச் சமையல் குசினிக்குள் கொண்டுபோய்ப் போர்வையால் மூடிவிட்டார். வந்தவர் விறாந்தையில் கால் வைத்ததும் குசினிக்குள் இருந்து "கள்ளன்" என்று குரல் வந்தது. யாரோ ஒரு மனிதர் உள்ளே ஒளிந்திருந்து தன்னைத் திட்டுகிறார் என்றே அவர் நினைத்துவிட்டார். கிளியை முன்னால் தொங்கவிட்டிருந்தால் சிரித்திருப்பார். நான் போர்வையை விலக்கிக் காட்டுவதற்குள் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அது சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவது வேறு.

கொரோனாவும் முடிந்து, பெற்றோல் வரிசையும் முடிந்து, வெளிநாட்டில் இருக்கிற நம்மாட்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். உடுப்பிட்டியில் ஒரு கல்வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் மகேந்திரன் அண்ணை, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவி காலமாகிவிட்டார். மகள் சுகந்திதான் கூட இருந்து பார்த்தாள். அவளுடைய கணவன் கட்டாரில் வேலை. அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வரவேண்டியிருந்தது. விடியமுன் வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வீடு. திரும்பி வருகிற வழியில் தலை சுற்றும், வாந்தி வரும். பெற்றோல் இல்லாத நாட்களில் ஒருமுறை ஓட்டோ கிடைக்காமல் ஒரு தவணை தவறிப்போய், மூச்சு முட்டி, அவர் பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தரம் தவறினால் என்ன ஆகும் என்று டொக்டர் சுகந்தியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், கைத்தாங்கலாக நடத்திக்கொண்டே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு சின்ன வீட்டை நான் அவர்களுக்காகப் பார்த்து வைத்திருந்தேன். அதற்கு வேறு ஆட்களும் கண் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரி எனக்காக ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. உடுப்பிட்டி வீடு விலைப்பட்டால்தான் அது இவர்கள் கைக்கு வரும்.

வாங்க இருந்தவர் யோகன். சுவிஸில் இருந்து மனைவி ரமணியோடு வந்திருந்தார். திங்கட்கிழமை திரும்பிப் போகிறார்கள். சனிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்த வீட்டில் ஒரு நாயும், குட்டி போட்ட பூனை ஒன்றும் இருந்தன. நாய்க்குப் பெயர் பிறவுணி, மண்ணிற நாய்களுக்கு வைக்கிற பெயர். ஆனால் அது கறுப்பு நாய். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், "அது முந்தின நாய்க்கு வைச்ச பேர் தங்கச்சி, வாய் பழகிப் போச்சு" என்பார் அண்ணை. அது அவருடைய கட்டிலுக்குக் கீழேதான் படுக்கும். பூனை அலுமாரியின் கீழ்த்தட்டைப் பிடித்துக்கொண்டு, குட்டிகளோடு அங்கேயே குடித்தனம் நடத்தியது. நாய் மணம், பூனை மணம், மருந்து மணம் எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு ஒரு மணம் இருந்தது. எனக்கோ நாய் என்றால் சின்ன வயதில் கடி வாங்கிய நாளிலிருந்து பயம். என்றாலும் தொழில் வேறு, பயம் வேறு.

புதன்கிழமை போய்ச் சுகந்திக்கு விளங்கப்படுத்தினேன்.

"பிள்ளை, ஜன்னலை எல்லாம் திறந்து காத்துப் பட விடு. நாய் படுக்கிற சாக்கைத் தோய்ச்சுப் போடு. வேறை ஒண்டும் பெரிசாச் செய்யாதை. உன்ரை ஐயா முன் விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை இருக்கட்டும். நாய் அவரின்ரை காலடியிலை கிடக்கட்டும். அவர் கை வைச்சால் அது குலைக்காது."

"ஐயாவை முன்னுக்கு இருத்தவோ அன்ரி?" என்று கேட்டாள்.

"பின்னை? அவரின்ரை வீடுதானே."

அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய மனதில் கிடந்தது எனக்கு அன்றைக்குத் தெரியாது. போன மாதம் வேறொரு தரகர் கூட்டிவந்த ஆட்கள், கட்டிலில் கிடந்த அண்ணையைப் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்கத்தக்கதாகவே "நோய் வருத்தம் பிடிச்ச வீடு, ராசியில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் திரும்பியதுமே எனக்கு நாயின் ஊளைச் சத்தம் கேட்டது. குரைக்கவில்லை, இழுத்து இழுத்து ஊளையிட்டது. முன்வீட்டு மணியக்கா தன் படலையைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி நின்றார். என்னைக் கண்டதும் தலையை இரண்டு பக்கமும் அசைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டி நடந்தேன்.

வீட்டுப் படலையைத் திறந்தேன். கதிரைகள் எல்லாம் முற்றத்தில் வரிசையாக நின்றன. வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, படிவழியே இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அண்ணையின் கட்டில் கழற்றி வேலியோடு சாய்த்துக் கிடந்தது. அவருடைய மெத்தை வெயிலில் கிடந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை. சுகந்தி தலைமுழுகி, ஈரத்தலையை விரித்துவிட்டபடி வாசலில் நின்றாள்.

எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சடலத்தை எடுத்த பிறகுதான் இப்படி வீட்டைக் கழுவுவோம். செத்தவரின் மெத்தையைத்தான் வெளியே போடுவோம். சாம்பிராணியும், ஈரத்தலையும், முற்றத்துக் கதிரையும் எல்லாம் ஒன்றாக வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான். போதாக்குறைக்கு நாய் ஊளையிடுகிறது.

"என்னடி பிள்ளை உது? செத்த வீடு மாதிரிச் செய்து வைச்சிருக்கிறாய்! ஐயா எங்கை?"

"ஐயாவை விடியவே ஓட்டோவிலை மாமி வீட்டுக்கு அனுப்பிப்போட்டன் அன்ரி. பிறவுணியைப் பின்வளவிலை கட்டியிருக்கு. பூனையையும் குட்டியளையும் கடகப் பெட்டியிலை போட்டு பாத்றூமுக்கை பூட்டியிருக்கு. ஒரு மணமும் இல்லை, பாருங்கோ. வீடு பளிச்செண்டு இருக்கு."

"ஐயாவை எப்பிடி ஓட்டோவிலை ஏத்தினாய்?"

"பனி எண்டு தலையோடை மூடிப் போர்த்து, ஓட்டோக்காரப் பெடியனும் நானும் தூக்கித்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. தலையோடு போர்த்திய மனிதரை விடியற்காலையில் இரண்டு பேர் தூக்கிப் போனதை முன்வீடு பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு வீடு கழுவப்பட்டதையும் பார்த்திருக்கிறது.

"கட்டிலை உள்ளுக்கு எடு, கெதியா" என்று நான் மெத்தையில் கை வைத்தேன். அதற்குள் மணியக்கா படலைக்குள் வந்துவிட்டார்.

"ஐயோ, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டியளே அண்ணை! கோயிலுக்குப் போறதெண்டாலும் என்ரை படலையிலை ஒரு சத்தம் குடுத்திட்டுப் போறனீங்களே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்து, சுகந்தியைக் கட்டிப்பிடித்துக் கதறினார். மணியக்காவின் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு குரலுக்கே ஒழுங்கையில் இருந்த படலைகள் எல்லாம் திறந்தன.

சுகந்தி அவருடைய பிடிக்குள் நின்று என்னைப் பார்த்தாள். ஐயா உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால், பிறகு ஏன் வீட்டைக் கழுவினாய் என்று கேட்பார்கள். வீடு விற்கப்போகிறோம் என்பதை அவர்கள் அயலில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நம்மூரில் யார்தான் சொல்கிறார்கள்? வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடிகிறதற்குள் ஆளுக்கொரு கதை கட்டிக் குழப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது.

ஆண்கள் சிலர் முற்றத்துக்கு வந்து, சத்தமில்லாமல் அந்தக் கதிரைகளிலேயே உட்கார்ந்தார்கள். ஒருவர் பந்தல்காரனுக்கு ரெலிபோன் எடுக்கட்டுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் சுகந்தியை மணியக்காவிடம் இருந்து பிரித்து, கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"மாமிக்குப் போன் எடு. ஐயாவை உடனை இஞ்சை கொண்டு வரச் சொல்லு."

"ஏலாது அன்ரி. அவரைக் கண்டால் அவையள் வாங்காயினம். முந்தி வந்தவை என்ன சொன்னவை எண்டு உங்களுக்குத் தெரியாது."

"அவரைக் காணாட்டில் அவையள் படலைக்கும் வராயினம்."

"ஆக்களை எப்பிடியும் அனுப்பிப்போடலாம். நீங்கள் ஏதாவது சொல்லுங்கோ. பெரியம்மா ஆரோ செத்ததெண்டு சொல்லுங்கோ."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் முதலில் கையில் கிடைப்பது இன்னொரு பொய்தான். எனக்கும் நாக்கு நுனியில் ஒன்று இருந்தது. இந்தத் தொழிலில் எனக்குப் பொய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கிற சனத்துக்கு நடுவில் இன்னொரு சாவைக் கொண்டுவந்து போட்டால், யோகன் அதற்குள்ளும் வரப்போவதில்லை. உயிரோடு இருக்கிற மனிதர் ஒருவர் வந்து நின்றால் மட்டுமே இதை நிறுத்த முடியும் என்று எனக்குப் பட்டது. அவள் அழ அழ அவளுடைய போனைப் பறித்து நானே மாமிக்கு எடுத்தேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். ஒழுங்கை முனையில் ஒரு வான் திரும்புகிற சத்தம் கேட்டது. மூன்றாவது தரம் மாமி எடுத்தாள். பின்னால் மணியக்காவின் ஒப்பாரி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், "ஐயோ, அங்கை ஆர் செத்தது?" என்று அவளும் கத்தத் தொடங்கினாள். அண்ணை அவளிடம் இருந்து போனை வாங்கினார்.

"ஆர் தங்கச்சி செத்தது?"

"நீங்கள்தான் அண்ணை."

"அப்ப நான் வரத்தானே வேணும்" என்றார்.

நான் ஒழுங்கைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், இந்த முழங்காலோடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு. யோகனின் வான் பாதி ஒழுங்கையில் நின்றது. யாரோ ஒரு பெரியவர் சாரதியிடம் குனிந்து, "செத்த வீடு தம்பி, வாகனத்தை அங்காலை விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரமணி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். அவளுடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டு செத்த வீட்டிலை கால் வைக்கிறதோ? திருப்பச் சொல்லுங்கோப்பா" என்று கணவனின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, நாங்கள் பேந்து கதைக்கிறம்" என்று யோகன் கண்ணாடிவழியே சொன்னார். பேந்து, அதாவது பிறகு, என்றால் ஒருபோதும் இல்லை என்றுதான் அர்த்தம், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வான் பின்னால் நகரத் தொடங்கியது.

நான் போய் வானுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தான். நான் அசையவில்லை. யோகன் கோபத்தோடு இறங்கி வந்தார்.

"என்னக்கா செய்யுறியள்?"

"தம்பி, உந்த வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை. செத்ததெண்டு சனம் சொல்லுறவர் இப்ப ஓட்டோவிலை வந்துகொண்டிருக்கிறார். அவரை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ. பேந்து உங்களை நான் மறிக்கேல்லை."

அவர் என்னை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனால் போகவும் இல்லை. வான் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே மணியக்கா ஓய்ந்து ஓய்ந்து அழுதார். பின்வளவில் நாய் ஊளையிட்டது. ரமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வழியில் அவருக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது.

ஓட்டோ வந்தது. ஒழுங்கையில் நின்ற சனம் விலகியது. அண்ணை போர்வையைத் தோளில் போட்டபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினார். அவருடைய மணம் பிடித்ததோ என்னவோ, பிறவுணி கயிற்றை அறுத்துக்கொண்டு, வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து பாய்ந்து வந்து, என்னையும் இடித்துத் தள்ளிவிட்டு அவருடைய காலடியில் விழுந்து புரண்டது. மணியக்கா படலையில் நின்று வாய் பிளந்து பார்த்தார்.

"மணி, நல்லாத்தான் அழுதியாம். மிச்சத்தைக் கவனமா வைச்சிரு, தேவைப்படும்" என்றார் அண்ணை.

முதலில் சிரித்தது ரமணிதான். பயத்தில் இருந்தவர்கள் சிரித்தால் நிறுத்த முடியாது, அவள் வான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சனமும் சிரித்தது. மணியக்காவுக்கு மட்டும் கோபம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாவு விலகியதும் நோய் முன்னுக்கு வந்தது.

யோகனும் ரமணியும் உள்ளே வந்தார்கள். நம்மூரில் வீடு வாங்க வருகிறவர் அறைகளைப் பார்க்கமுன் கிணற்றடிக்குத்தான் போவார். தண்ணீர் உவரா, நல்ல தண்ணியா என்று தன் கையால் அள்ளிக் குடித்துப் பார்க்காமல் மற்றக் கதைக்கு வரமாட்டார். யோகனும் வாளியை இறக்கி அள்ளினார். வாளியைத் தூக்கிக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தவர், மாமரத்தடியில் இருந்த அண்ணையைத் திரும்பிப் பார்த்தார். வீங்கிய கால்களையும், கையில் மெஷின் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன நரம்பையும் பார்த்தார்.

"ஐயாவுக்கு என்ன வருத்தம்?"

"பிரஷர்" என்றாள் சுகந்தி அவசரமாக.

"கிட்னி தம்பி. ரெண்டும் போச்சு" என்றார் அண்ணை.

யோகன் தண்ணீரை அள்ளவென்று நீட்டிய கையை எடுத்துவிட்டார். வாளியையும் பார்த்தார், கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அவர் நினைத்ததை நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கிணற்றுத் தண்ணீரால்தான் இந்த வருத்தம் வருகிறது என்று நாடு முழுக்கப் பேசுகிற காலம். அதுவும் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற கிணறு. அவர் அப்படி நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை, அவருடைய இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் நினைப்பேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. தரகர் அந்த நேரத்தில் பேசினால் அது தரகின் பேச்சாகத்தான் காதில் விழும். சுகந்தி அழத் தயாராக நின்றாள், அவளுடைய கையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விளங்குது தம்பி" என்றார் அண்ணை. "நானெண்டாலும் யோசிப்பன். ஆனால் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. நான் வாழ்நாள் முழுக்க பஸ் ஓடினனான். கொழும்புக்கும் ஓடினனான். வழியிலை ஒண்டுக்கு இறங்க வந்திடும், சனம் கத்தும் எண்டு தண்ணி குடிக்கிறதே இல்லை. சீனி வருத்தம் எண்டு சொன்னவங்கள், குளிசை மருந்தும் ஒழுங்காப் போடேல்லை. உந்தத் தண்ணியைக் குடிச்சு வந்த வருத்தமில்லை தம்பி. குடியாமல் வந்தது."

அதற்குப் பிறகுதான் நான் பேசினேன். "அவர் சொல்லுறதையும் நம்ப வேண்டாம், நான் சொல்லுறதையும் நம்ப வேண்டாம். ஒரு போத்திலிலை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கக் குடுங்கோ" என்றேன். சுகந்தி உள்ளே ஓடிப்போய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தாள். யோகன் அதை நிரப்பி மூடினார். மூடிவிட்டுச் சற்று நேரம் நின்றவர், பிறகு கையைக் குவித்து அள்ளிக் குடித்தார். ரமணியும் செம்பில் வாங்கி அண்ணாந்து குடித்தாள்.

"என்ன இனிப்பு!" என்றாள்.

அவள் குடிக்கும்போது அண்ணை அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் கண்டுவிட்டாள்.

"ஐயாவுக்கும் குடுங்கோவன்" என்று செம்பை நீட்டினாள்.

ஒருவரும் வாங்கவில்லை. "ஐயாவுக்குத் தண்ணி அளவுதான் அக்கா" என்றாள் சுகந்தி. "கூடினால் மூச்சு முட்டும். இண்டைக்குரியதிலை பின்னேரக் குளிசைக்கு வைச்சிருக்கிற மிச்சம்தான் இருக்கு."

அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுகந்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரமணியிடம் இருந்து செம்பை வாங்கி, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, அளவு பார்த்து, கொண்டுபோய் அவருடைய கையில் கொடுத்தாள்.

"பின்னேரம் குளிசையை என்னண்டு போடுவியள்?" என்று கேட்டாள்.

"எச்சிலோடை விழுங்கிறன்" என்றார்.

அதை அவர் உடனே குடிக்கவில்லை. வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் விழுங்குகிற வரையில் நாங்கள் யாரும் அசையவில்லை. சுகந்தி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, அவருடைய முழங்காலில் தலையை வைத்து அழுதாள். "உங்களை ஒளிச்சுப்போட்டன் ஐயா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அவளுடைய ஈரத்தலையைத் தடவிக்கொடுத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை இருக்கிறதுபோலப் பாத்றூம் கதவைத் திறந்து கடகத்தைத் தூக்கப் போனேன். பூனை என் கையைப் பிறாண்டியது. வேண்டியதுதான்.

பிறகு அவர்கள் வீட்டை ஆறுதலாகப் பார்த்தார்கள். பிறவுணி முன்னால் போக, அவர்கள் பின்னால் போனார்கள். ஈரத்தரையில் அது போட்ட காலடிகளைச் சுகந்தி துடைக்கப் போனாள், நான் விடவில்லை. அலுமாரிக்குள் தாய்ப்பூனை திரும்பவும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய் அடுக்கியதை ரமணி தரையில் குந்தியிருந்து பார்த்தாள். நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை யோகன் ரெலிபோன் எடுத்தார். முற்பணம் தருவதாகவும், தண்ணீர்ச் சோதனை பிழையாக வந்தால் திருப்பித் தரவேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் வாசலில் போய் நின்றேன். தண்ணீர்ச் சோதனையிலும் பிழை ஒன்றும் வரவில்லை. பூனையும் குட்டிகளும் வீட்டோடு ரமணிக்குப் போயின. அவளே கேட்டு வாங்கினாள். பிறவுணி அண்ணையோடு யாழ்ப்பாண ரவுணுக்குப் போனது.

நாயும் பூனையும் வருத்தக்காரரும் இருக்கிற வீடுகள் உங்களுக்கும் வரும். கழுவுங்கள், கூட்டுங்கள், சாம்பிராணியும் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இருந்து எதையாவது ஒளிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை நாயின் சாக்கில் தொடங்கி, பெற்ற தகப்பனில் வந்து நின்றாள். அவரை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் அவ்வளவும் செய்தாள்.

அந்தச் சின்ன வீட்டில் அண்ணை சில வருஷம் இருந்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போவார், நடந்தே வருவார். போன வருஷம் ஒரு காலை, கட்டிலில் படுத்தபடியே அமைதியாகக் காலமானார். சுகந்தி உடுப்பிட்டிக்கு எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். ஒருவரும் வரவில்லை. அதற்குப் பதிலாக என்னுடைய போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் எடுத்தது மணியக்கா.

"பிள்ளை, முந்தி ஒருக்கா அழுது வெட்கப்பட்டுப் போனன். நீ நேரை போய்ப் பாத்து, வடிவா விசாரிச்சுச் சொல்லு. நான் சேலை மாத்தாமல் நிக்கிறன்."

ஓட்டோ பிடித்துப் போனேன். அண்ணைக்குப் பக்கத்தில் சுகந்தி இருந்தாள். அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. வெளியே வந்து மணியக்காவுக்குப் போன் எடுத்து, "ஓம் அக்கா, உண்மைதான்" என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் ஒப்பாரி வைக்கவில்லை. நான்தான் நடு ஒழுங்கையில் நின்று சத்தமாக அழுதேன்.